கையறுநிலை

நியூபோர்ட். கதவைச் சாத்தினாலும்
ரம் ஆலையின் பாகு வாடை உள்ளே வந்துவிடும் ஊர்.
காப்டன் எல்நாத்தான் தர்பர் என்னை வாங்கிய அன்று
ஆதியாகமத்தைத் திறந்து விரல் வைத்தார்.
சில்பாள் என்று வந்தது.
லேயாளின் வேலைக்காரி.
அவளும் கொடுக்கப்பட்டவள்தான்.

எழுத்து எப்படி வந்தது என்று கேட்பார்கள்.
பிள்ளைகளின் சிலேட்டைத் துடைப்பது என் வேலை.
துடைக்கும் முன் பார்ப்பேன்.
அவ்வளவுதான்.

தொண்டை அடைப்பான் வந்த குளிர்காலத்தில்
போதகர் வீட்டுக் கைக்குழந்தைக்கு நான் கட்டிய எட்டு வரியை
எஜமானி மெஹிட்டபெல் சபையில் வாசித்தாள்.
பெண்கள் கைக்குட்டை தேடினார்கள்.
மறுவாரம் காப்டன் விலை வைத்தார்:
இரங்கற்பா ஒன்றுக்கு நான்கு ஷில்லிங்,
கறுப்புக் கரை போட்ட தாள் தனி.
இரட்டைக் குழந்தைகள் என்றால் ஆறு. அது எஜமானியின் யோசனை.
பணம் அவர்களுக்கு. விரலில் மை எனக்கு.

சொர்க்கம் கட்டாயம் வரவேண்டும்.
கடைசி வரியில் தேவசித்தம்.
நடுவில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள், சில்பாள்.

நடுவில்.

என் மகனுக்கு ஆறு வயது. முன்பல் ஒன்று மூளி,
கிணற்றுக் கல்லில் விழுந்தது.
அவர்கள் வைத்த பெயர் கேட்டோ.
நான் வைத்த பெயரை இங்கே எழுதப்போவதில்லை.
ஒரு புதன்கிழமை, நான் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தபோது
சுரிநாம் போகும் கப்பலில்
குதிரைகளோடு அவனையும் ஏற்றினார்கள்.
செதில் ஒட்டிய கையோடு ஓடினேன்.
துறையில் ஒருவன்
கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான்.

செத்தவனுக்கு முறை இருக்கிறது.
மணி அடிக்கலாம், கல் நடலாம், என்னிடம் வரலாம்.
விற்கப்பட்டவனுக்கு?
ரசீது.

அந்த வருடக் கடைசியில் காப்டனின் நாய்க்கும் ஒன்று எழுதினேன்.
கூலி இல்லை. நல்ல நாய்தான்.

பிறகுதான் அது தொடங்கியது.
வைன்ரைட் வீட்டுச் சிறுமிக்கு எழுதும்போது,
தூக்கத்தில் அவன் கட்டைவிரலை உள்ளே மடக்கும் விதம்
ஆறாம் வரியில் போய் உட்கார்ந்துகொண்டது.
கயிற்று வியாபாரி மகனின் பாட்டில் அவன் இருமல்.
பீப்பாய்க்காரர் பிள்ளைக்கு அவன் ஓட்டம்,
ஒரு கால் சற்றே உள்வாங்கி.
யாரும் கேட்கவில்லை. அழுகிற கண்ணுக்கு
எல்லாக் குழந்தையும் தன் குழந்தைதான்.

திருமதி ஆஷ்கிராஃப்ட் மட்டும்
தாளோடு சமையலறைக்கே வந்துவிட்டாள்.
"என் டெம்பரன்ஸுக்கு முன்பல் மூளி இல்லையே?"
அடுப்பில் பட்டாணி தீய்ந்துகொண்டிருந்தது.
"யாப்புக்காகப் போட்டது, அம்மா" என்றேன்.
என்னையே பார்த்தாள், வெகுநேரம்.
என்ன கண்டாளோ.
பிறகு தாளை நீட்டி, "திருத்து" என்றாள்.

திருத்தினேன். முத்துப்போல் பற்கள்.
அசைகூடப் பிசகவில்லை.
அதுதான் அன்று முழுக்க என்னை அறுத்தது.

உறக்கம் வராத இரவுகளில் ஊரை எண்ணிப் பார்ப்பேன்.
கட்டைவிரல் மேட்டுத்தெருவில், ஒரு வேதாகமத்துக்குள்.
இருமல், கயிற்றுக் கிடங்குக்கு எதிர்வீட்டில்,
இழுப்பறையில், ஊசி நூல்களுக்கு அடியில்.
கால் இப்போது எங்கே என்று தெரியாது,
பீப்பாய்க்காரர் குடும்பம் பாஸ்டன் பக்கம் போய்விட்டதாம்.
நடக்கத்தானே கால், போகட்டும்.
பல்லுக்கு மட்டும் இன்னும் வீடு கிடைக்கவில்லை.

கதவு தட்டுகிறது. இன்னும் விடியவில்லை.
கறுப்புச் சால்வை.
துணியில் முடிந்த நான்கு ஷில்லிங்.
பின்வாசல் வழியாக வாருங்கள் அம்மா,
எஜமான் தூங்குகிறார்.
அந்த முக்காலியில் உட்காருங்கள்.
பையனா, பெண்ணா?
வயது?

ஆறா?